காரைக்குடி ஜியு-ஜிட்சு வகுப்பு: “ஆடிக்கொண்டே இருக்கிறார்களே, எப்போது சொல்லித்தருவீர்கள்?”

மாலை ஆறரைக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறவர்கள் வாசலில் நின்று பத்து நிமிடம் வேடிக்கை பார்த்துவிட்டுக் கேட்கிற கேள்விகள் இவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லித் தொண்டை வறண்டதால் எழுதி வைத்துவிட்டேன். தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கமிருந்து போனில் கேட்கிறவர்களுக்கும் இதையே அனுப்புகிறேன்.

முதலில், இது கராத்தேயா?

இல்லை. குத்தும் கிடையாது, உதையும் கிடையாது. எதிராளியைப் பிடித்துக் கீழே கொண்டுபோய், மேலேறி அசையவிடாமல் அமுக்கி, கடைசியில் கழுத்தையோ கை மூட்டையோ பூட்ட வேண்டும். பூட்டு விழுந்ததும் அவர் கையால் தட்டி ஒப்புக்கொள்வார். நம்ம குஸ்திக்குப் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் குஸ்தியில் முதுகு மண்ணில் பட்டால் கதை முடிந்தது. இதில் முதுகு பட்ட பிறகுதான் பாதிக் கதையே நடக்கிறது.

ஜப்பானில் ஜிகோரோ கானோ 1882-இல் தொடங்கிய கோடோகன் ஜூடோதான் மூலம். அங்கே பயின்ற மிட்சுயோ மாயேடா 1914-இல் பிரேசில் போனார். அவர் வழியாகக் கிரேசி குடும்பத்தார் கற்று, தரைப் பிடிகளை மேலும் மேலும் வளர்த்தார்கள். அதனால்தான் ‘பிரேசிலியன் ஜியு-ஜிட்சு’ என்ற முழுப் பெயரில் பிரேசிலும் இருக்கிறது, ஜப்பானும் இருக்கிறது.

மாஸ்டர், வந்ததிலிருந்து விளையாடிக்கொண்டே இருக்கிறார்கள். பாடம் எப்போது?

அதுதான் பாடம். ஒரு பையனின் அப்பத்தா இன்னும் நேராகவே கேட்டார்: “என்னப்பா, காசு கட்டி உருளவா அனுப்புறோம்?” ஆமாம் அப்பத்தா, உருளத்தான்.

நான் கற்றுக்கொண்ட முறை வேறு. மாஸ்டர் நடுவில் உட்கார்ந்து ஒரு பிடியை ஐந்து படியாகப் பிரித்துக் காட்டுவார். இரண்டிரண்டு பேராக அதை மாற்றி மாற்றிச் செய்வோம். எதிரே இருப்பவன் பொம்மை மாதிரி படுத்திருப்பான். கடைசிப் பத்து நிமிடம் மட்டும் ‘ரோலிங்’, அதாவது நிஜமாக மோதிப் பார்ப்பது. ஆர்ம்பார் என்று கையை நீட்டிப் பூட்டும் பிடி ஒன்று உண்டு. அதை மாதக்கணக்கில் அப்படிப் பழகினேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஐந்து படியும் வரும். ரோலிங்கில் ஒருமுறைகூட வரவில்லை. ஒத்திகையில் கையை நீட்டிக்கொடுத்தவன் நிஜத்தில் மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டான், அவ்வளவுதான். அவன் கையை எப்படி நீட்ட வைப்பது, எந்த நொடியில் அது நீளும் என்பதுதான் கலையே. அந்தப் பகுதியை நாங்கள் பழகவே இல்லை.

இங்கே முதல் நிமிடத்திலிருந்தே எதிராளி எதிராளியாகத்தான் இருப்பான். ஆனால் முழுச் சண்டை கிடையாது. அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்து, இருவருக்கும் ஆளுக்கொரு குறிக்கோள் கொடுத்து, “ம், ஆடுங்க” என்று விட்டுவிடுவோம். விடையைக் காட்டுவதைவிடக் கணக்கைச் சரியாகப் போட்டுக் கொடுப்பதுதான் என் வேலை.

ஒரு ஆட்டத்தைச் சொல்லுங்களேன்.

எங்கள் வகுப்பில் அதிகம் ஆடுவது இது. ஒருவர் மல்லாந்து படுத்திருப்பார், இன்னொருவர் அவர் காலருகே நிற்பார். நிற்பவரின் வேலை காலைத் தாண்டி வந்து, நெஞ்சோடு நெஞ்சு ஒட்டி மூன்று நொடி அமுக்குவது. படுத்திருப்பவரின் வேலை தன் காலோ முழங்காலோ எப்போதும் இருவருக்கும் நடுவே இருக்கும்படி பார்த்துக்கொள்வது. யாராவது ஜெயித்தால் இடம் மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு சுற்று ஒன்றரை நிமிடம். ‘கார்ட்’ (காலை நடுவே வைத்துத் தடுப்பது), ‘பாஸ்’ (அதைத் தாண்டுவது) என்ற சொல்லெல்லாம் அப்போது வாயில் வராது. (மூன்று நொடி என்பது நான் இஷ்டத்துக்கு வைத்ததல்ல. போட்டியிலும் மூன்று நொடி நிலைத்தால்தான் புள்ளி. காலைத் தாண்டி அமுக்கினால் 3, மேலே ஏறி உட்கார்ந்தாலோ முதுகைப் பிடித்தாலோ 4.)

இரண்டு சுற்று பார்ப்பேன். படுத்திருப்பவர்கள் எல்லாரும் எதிராளியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினால், அடுத்த சுற்றுக்கு ஒரு விதி: கீழே இருப்பவர் கையால் பிடிக்கக்கூடாது. உடனே கால்கள் விழித்துக்கொள்ளும். நிற்பவர்கள் ஓடி ஓடியே ஜெயித்தால், அவர்கள் முழங்காலில் நின்று ஆட வேண்டும். இப்போது ஓட முடியாது, அழுத்தத்தான் முடியும்.

கபடி ஆடுகிற ஒரு பையன், எட்டாம் வகுப்பு. போன மாதம் கீழே படுத்திருந்தவன் எதிராளியின் கணுக்காலைக் கபடிக்காரன் மாதிரி லபக்கென்று பிடித்தான். பிடித்ததை விடாமல் தன் ஒரு பாதத்தை அவன் இடுப்பில் வைத்துத் தள்ளினான். மற்றக் கால் தானாகவே போய் அவனுடைய இன்னொரு காலுக்குப் பின்னால் கொக்கி போட்டது. எதிராளி பின்பக்கமாகத் தொப்பென்று உட்கார்ந்தான். இரண்டு பேரும் ஒரு நொடி என்னைப் பார்த்தார்கள், ஏதோ தப்பு செய்துவிட்டமாதிரி. அதற்குப் பெயர் ‘ட்ரைபாட் ஸ்வீப்’. நான் சொல்லித்தரவில்லை. பெயரை மட்டும் அன்றைக்குச் சொன்னேன்.

விதியை மாற்றினால் திறமை மாறிவிடுமா என்ன?

நம்ம ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. மாடு பிடிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். வாடிவாசலில் மாடு ஒரே வழியாகப் பாய்ந்து வரும், திமிலைக் கட்டிப் பிடித்துக் குறிப்பிட்ட தூரம் போக வேண்டும். சிராவயல் மஞ்சுவிரட்டில் வெட்டவெளிப் பொட்டல், மாடு எந்தப் பக்கமிருந்தும் வரும், அங்கே கண்ணும் காலும்தான் முதலில். வடமாட்டில் நடுவில் நீள வடத்தில் கட்டிய மாடு, ஒன்பது பேர் சேர்ந்து இறங்க வேண்டும், யார் முன்னே யார் பின்னே என்பதுதான் ஆட்டம். ஒரே மாடு, ஒரே பையன்கள். இடத்தையும் கயிற்றையும் மாற்றினதும் மூன்று விதமான வீரர்கள் உருவாகிவிடுகிறார்கள். யாரும் வகுப்பெடுக்கவில்லை.

ஆய்வாளர்கள் இதற்கு ஒரு சட்டகம் வைத்திருக்கிறார்கள். கார்ல் நியூவெல் 1986-இல் எழுதியது. அசைவு எப்படி அமையும் என்பதை மூன்று கட்டுப்பாடுகள் முடிவு செய்கின்றன என்கிறார்: ஆள் (உயரம், எடை, பயம், களைப்பு), சூழல் (தரை, வெயில், வெளிச்சம்), செய்ய வேண்டிய வேலை (விதி, குறிக்கோள், கருவி). பயிற்சியாளர் கையில் உடனே மாற்றக்கூடியது மூன்றாவது. அதனால்தான் விதியில் கை வைக்கிறோம்.

இந்த முறையை யார் கண்டுபிடித்தது?

ஒருவரைச் சொல்ல முடியாது. 1982-இல் இங்கிலாந்தின் லஃப்பரோவில் பங்கர், தார்ப் என்ற இருவர், பள்ளி விளையாட்டில் முதலில் நுட்பம், பிறகு ஆட்டம் என்ற வரிசையைத் திருப்பிப் போடச் சொன்னார்கள். பார்ப்பதும் அசைவதும் தனித்தனி அல்ல என்ற, அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சனின் கருத்திலிருந்து இன்னொரு கிளை வந்தது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ராப் கிரே அதைச் சாதாரணப் பயிற்சியாளர்களுக்கும் புரிகிறமாதிரி எழுதியும் பேசியும் வருகிறார். ஜியு-ஜிட்சுவில் இதைப் பெரிய விவாதமாக்கியவர் அமெரிக்காவில் மேரிலாந்தின் ராக்வில்லில் பயிற்சிக்கூடம் நடத்தும் கிரெக் சவுடர்ஸ்.

பிழையாகப் பழகிவிட மாட்டானா? பிறகு திருத்த முடியாதே?

நியாயமான பயம். நானும் பயந்தேன்.

1920-களில் சோவியத் உடலியலாளர் நிக்கோலாய் பெர்ன்ஸ்டைன், உளியைச் சுத்தியலால் அடிக்கும் தொழிலாளர்களைப் படமெடுத்துப் பார்த்தார். கைதேர்ந்தவர்கள், ஆயிரக்கணக்கான முறை அடித்தவர்கள். சுத்தியல் சரியாக உளித்தலையில்தான் விழுந்தது. ஆனால் தோள், முழங்கை, மணிக்கட்டு ஒவ்வொரு அடிக்கும் வேறு வேறு பாதையில் போயின. ஒரே அசைவை நகலெடுத்ததால் வந்த தேர்ச்சியில்லை அது. ஒரே சிக்கலை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தீர்க்கத் தெரிந்ததால் வந்தது.

ஆத்தங்குடிக்குப் போய்ப் பாருங்கள். கண்ணாடிமேல் அச்சை வைத்துச் சாயச் சிமெண்டை ஊற்றுகிறவரின் கை, ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் ஒரே மாதிரி போகாது. ஒரு கலவை கொஞ்சம் நீர்த்திருக்கும், ஒன்று கெட்டியாக இருக்கும். கை அதைப் பார்த்துச் சரிசெய்துகொள்கிறது. கல் மட்டும் ஒன்றுபோல வருகிறது.

ஆகவே ‘பிழை’ என்று நான் பார்ப்பது உருவத்தையல்ல. குறிக்கோள் நிறைவேறியதா, எதிராளி மாறினாலும் நிறைவேறுகிறதா என்றுதான் பார்க்கிறேன். குட்டையான பையனும் நெட்டையான பையனும் ஒரே மாதிரி தப்பிக்க வேண்டியதில்லை.

சித்திரமும் கைப்பழக்கம் என்கிறார்களே. நூறு தடவை செய்தால்தானே படியும்?

நூறு தடவை செய்கிறார்கள், ஐயா. ஒரு மணி நேரத்தில் காலைத் தாண்டும் முயற்சி எத்தனை முறை நடக்கிறது என்று ஓரமாக உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றும் உயிருள்ள ஆளை எதிர்த்து. சித்திரக்காரர் கோடு பழகும்போது காகிதம் திருப்பி அடிப்பதில்லை, இங்கே அடிக்கிறது.

அப்படியானால் நுட்பமே காட்ட மாட்டீர்களா?

காட்டுவேன். இந்த இடத்தில் இந்த முறையின் தீவிரமான ஆதரவாளர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. எதையுமே செய்துகாட்டாமல் ஆட்டத்தாலேயே எல்லாம் வரவேண்டும் என்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பொறுமை எனக்கு இல்லை, இங்கே மாதச் சந்தா கட்டுகிறவர்களுக்கும் இல்லை.

இரண்டு நேரத்தில் காட்டுகிறேன். ஒன்று, ஆபத்தான இடம். கழுத்துப் பூட்டை எங்கே வைக்க வேண்டும், எவ்வளவு மெதுவாக இறுக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்பதைத் தேடிக் கண்டுபிடிக்க விடமாட்டேன். இரண்டு, ஒரு பையன் ஒரே சுவரில் பத்து நாளாக முட்டிக்கொண்டிருந்தால். அப்போது காட்டினால் அது பசித்தவனுக்குப் போட்ட சோறு. முதல் நாளே காட்டினால் யாருக்கும் பசியில்லை.

எல்லா ஆட்டமும் நல்ல ஆட்டம்தானா?

ஐயோ, இல்லை. போன வருடம் நானே ஒன்று யோசித்தேன். ஆளுக்கொரு துண்டை இடுப்பின் பின்னால் வால் மாதிரி சொருகி, யார் வாலை யார் பறிப்பது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். கூடமே அதிர்ந்தது. இருபது நிமிடம் கழித்துத்தான் உறைத்தது: யாரும் யாரையும் பிடிக்கவில்லை. ஓடத் தெரிந்தவன் ஜெயித்தான். ஓட்டப்பந்தயத்துக்கு மேட் எதற்கு?

அடுத்த நாள் இடத்தை நான்கு மேட் அளவுக்குச் சுருக்கினேன். இடது கையால் எதிராளியின் மணிக்கட்டையோ கழுத்தையோ பிடித்தபடியேதான் ஆட வேண்டும், விட்டால் தோல்வி. துண்டு அதே துண்டுதான். ஆனால் இப்போது கையைத் தட்டி விலக்கி, கோணம் மாறி, முதுகுப் பக்கம் போக வேண்டியிருந்தது. அது ஜியு-ஜிட்சு.

ஒரு ஆட்டம் உருப்படியா என்று நான் பார்ப்பது மூன்று கேள்வியில். இதில் வருகிற சிக்கல் நிஜ மோதலிலும் வருமா? இருவருக்கும் ஜெயிக்க வழி இருக்கிறதா? ஜெயித்தது யாருக்கும் சந்தேகமில்லாமல் தெரிகிறதா? முதல் கேள்வியில்தான் பெரும்பாலான ஆட்டங்கள் சறுக்கி விழுகின்றன. இன்று இணையத்தில் ‘கேம்ஸ்’ என்ற பெயரில் வருகிறதில் பாதி, பழைய டிரில்லுக்குப் புதுச் சட்டை.

எங்கள் பையன் கபடி ஆடுகிறவன். இதற்கு உதவுமா?

மிகவும். கணுக்கால் பிடி, தொடைப் பிடி, சங்கிலி போட்டு மடக்குவது எல்லாம் அவன் உடம்பில் ஏற்கெனவே இருக்கிறது. அதைவிட முக்கியம், அவன் கற்ற விதம். கண்மாய்க் கரையில் சடுகுடு ஆடியவர்களுக்கு யார் படி ஒன்று, படி இரண்டு என்று சொல்லிக்கொடுத்தார்கள்?

கபடி விதிகளையே பாருங்கள். ரெய்டுக்கு 30 நொடி. புரோ கபடியில் தொடர்ந்து இரண்டு ரெய்டு வெறுமையாகப் போனால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் வெளியே. களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது ரெய்டரை மடக்கினால் கூடுதல் புள்ளி. ஒவ்வொரு விதியும் ஆடுகிறவன் எதைத் துணிய வேண்டும், எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று மாற்றிவிடுகிறது. நாங்கள் செய்வதும் இதே வேலைதான், சின்ன அளவில்.

ஒரே ஒரு சிக்கல்: கபடிக்காரன் முதல் இரண்டு மாதம் மூச்சை அடக்கிக்கொண்டு முரட்டுத்தனமாக ஆடுவான். அவனுக்கு எல்லாமே 30 நொடி. இங்கே ஒரு முழு மோதல் ஐந்து நிமிடம்.

பெண் பிள்ளைகளை அனுப்பலாமா? ஜோடி யார்?

அனுப்புங்கள். பெண் பிள்ளைகள் பெண் பிள்ளைகளோடுதான் ஆட வேண்டும் என்று நீங்களோ அவளோ சொன்னால் அப்படியே. எடை பார்த்துத்தான் ஜோடி சேர்ப்பது. எடை ஒத்துவராத நாளில் விதி கைகொடுக்கும்: கனமான ஆள் ஒரு கையைத் தன் பெல்ட்டில் சொருகிக்கொண்டு ஆட வேண்டும். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, ஒல்லிப்பிச்சி, அந்த விதியோடு தன்னைவிட 15 கிலோ கூடின பையனின் முதுகை ஏறிப் பிடித்துவிட்டாள். மறுவாரம் அவளே வந்து, “மாஸ்டர், அவன் ரெண்டு கையும் வச்சுக்கட்டும்” என்றாள்.

தற்காப்பு என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று: கீழே மாட்டியவர் எழுந்து நின்று இரண்டடி விலகினால் வெற்றி என்ற ஆட்டத்தைத்தான் நான் பெண் பிள்ளைகளுக்கு அதிகம் கொடுக்கிறேன். பூட்டுப் போட்டு ஜெயிப்பது அப்புறம்.

அடிபடாதா?

விரல் சுளுக்கும், முழங்கால் சிராய்க்கும், எப்போதாவது உதடு கிழியும். இல்லை என்று சொன்னால் பொய். பெரிய காயம் வராமல் இருக்கக் கடுமையான சில வழக்கங்கள் உண்டு. தட்டினால் அந்த நொடியே விட வேண்டும். கை மாட்டிக்கொண்டால் காலால் தட்டலாம், வாயால் சொல்லலாம். 16 வயதுக்குக் கீழ் கால் திருகும் பூட்டு எதுவும் கிடையாது. பெரும்பாலான ஆட்டங்கள் அமுக்கிப் பிடிப்பதோடு முடிந்துவிடும், பூட்டு வரை போகாது. நகம் வெட்டாமல் வந்தால் வாசலிலேயே நகவெட்டி தொங்குகிறது.

தரை, வெயில், தோல் வியாதி பற்றி?

நாங்கள் இருப்பது பழைய வீட்டின் வாடகைக் கூடம். தரை ஆத்தங்குடிக் கல். அழகு, குளிர்ச்சி, ஆனால் வழவழப்பு. முதல் வாரம் ஆட்டம் நடக்க நடக்க மேட் எல்லாம் முகப்புப் பக்கம் நகர்ந்து போய்க்கொண்டே இருந்தது. இப்போது நாலு ஓரமும் மரச்சட்டம் வைத்து அணை கட்டியிருக்கிறோம். சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரப் பங்காளிகள் ஏழு பேரிடம் சம்மதம் வாங்க வேண்டும் என்பதால் அந்த யோசனையைக் கைவிட்டேன்.

அக்னி நட்சத்திரத்தில் காலை ஐந்தரை வகுப்பு மட்டும். படர்தாமரை இருந்தால் வராதீர்கள். மருத்துவர் சரியாகிவிட்டது என்ற பிறகு வந்தால் போதும். மறைத்துக்கொண்டு வந்த ஒருவரால் ஒருமுறை பாதி வகுப்பும் களிம்பு தடவியது. மேட் தினமும் கிருமிநாசினியால் துடைக்கிறோம், உங்கள் உடுப்பை நீங்கள் துவையுங்கள்.

எனக்கு 45 வயது. இந்த ஆட்டமெல்லாம் தாங்குமா?

தாங்கும். முழங்காலில் நின்றும் படுத்தும் தொடங்குகிற ஆட்டங்கள் தருகிறேன். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

பெல்ட் தேர்வு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை?

கிடையாது. வெள்ளை, நீலம், ஊதா, பழுப்பு, கருப்பு என்று வரிசை. 16 வயதுக்குட்பட்டோருக்குச் சாம்பல், மஞ்சள், ஆரஞ்சு, பச்சை. நீலமே 16-க்குப் பிறகுதான். கருப்பு வரப் பத்து வருடம் சாதாரணம். மூன்று மாதத்துக்கொரு பட்டை வேண்டுமென்றால் வேறு வகுப்பு பாருங்கள், வருத்தமில்லை.

இதுதான் சிறந்த முறை என்று நிரூபணம் ஆகிவிட்டதா?

ஆய்வுகள் பெரும்பாலும் கால்பந்து, டென்னிஸ், பேஸ்பால் போன்றவற்றில் நடந்தவை. ஜியு-ஜிட்சுவுக்கு அவற்றை அப்படியே தூக்கிவைக்க நான் தயங்குவேன். எதிர்ப்போடு பழகுவது செத்த ஒத்திகையைவிட மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. அது புதிய செய்தியுமல்ல, கானோ காலத்திலேயே ‘ராண்டோரி’ என்று ஜூடோவில் இருந்ததுதான். புதுசு என்னவென்றால், முழு மோதலுக்கும் பொம்மைப் பயிற்சிக்கும் நடுவே இத்தனை படிகள் வைக்கலாம் என்று காட்டியது. பழைய முறையில் வந்த பெரிய சாம்பியன்கள் ஏராளம் என்று யாராவது சொன்னால், சரிதான். அவர்களெல்லாம் வகுப்பு முடிந்த பிறகு எத்தனை மணி நேரம் உருண்டார்கள் என்றும் கேளுங்கள்.

வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேரும் பழக ஏதாவது?

ஒன்று சொல்கிறேன். ஒருவன் தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவன் பின்னால் உட்கார்ந்து ஒரு கையைத் தோளுக்கு மேலாகவும் ஒரு கையை அக்குளுக்குக் கீழாகவும் விட்டு நெஞ்சைக் கட்டிக்கொள்ள வேண்டும். முன்னால் இருப்பவன் தன் இரண்டு தோள்பட்டையும் தரையில் படும்படி மல்லாந்துவிட்டால் வெற்றி. பின்னால் இருப்பவன் நெஞ்சை அவன் முதுகிலிருந்து பிரியவிடாமல் ஒரு நிமிடம் தாக்குப்பிடித்தால் அவனுக்கு வெற்றி. கழுத்தில் கை போகக்கூடாது. கோரைப்பாய் வழுக்கும், மெத்தையைத் தரையில் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். முற்றத்து ஓரமும் கல்தூண் பக்கமும் வேண்டவே வேண்டாம். அப்பத்தா மத்தியானம் தூங்குகிற நேரத்திலும்.